ஊருக்கு ஒரு முக்காலா

அந்தக் காலத்தில் பாட்டு பஸ்ஸில்தான் எங்கள் ஊருக்கு வரும். மெட்ராஸில் கேசட் வெளியாகி, மதுரை மொத்த வியாபாரியின் கடைக்கு வந்து, அங்கே அட்டைப்பெட்டியில் சணல் சுற்றப்பட்டு, ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர் என்று வழியிலுள்ள எல்லாப் பள்ளங்களிலும் விழுந்து எழுந்து தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள், பாட்டைப் பற்றிய பேச்சு அதற்கு முன்னால் வந்து சேர்ந்திருக்கும். மதுரையில் படிக்கிற எவனாவது ஒருவன் சனி ஞாயிறு லீவுக்கு வந்திருப்பான். "ஏல, புதுசா ஒரு பாட்டு வந்திருக்கு, கேட்டியா?" என்று ஆரம்பித்து, வாயால் டிரம்ஸ் அடித்து, மூக்கால் கீபோர்டு வாசித்து, நடுநடுவே "இந்த எடத்துல ஒண்ணு வரும் பாரு, அது எனக்கு வராது" என்று மரியாதையாக ஒதுங்கி, முழுப் பாட்டையும் திண்ணையில் உட்கார்ந்தபடியே நடத்திக் காட்டுவான். அசல் வந்து சேர்ந்த பிறகு, அவன் பாடியது இதைவிட நன்றாக இருந்ததே என்று நாங்கள் சற்று ஏமாந்துபோனதும் உண்டு. இப்போது வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பாட்டு வருகிறது என்று அறிவித்து, அந்த அறிவிப்பு எப்போது வரும் என்பதற்கு முன்னதாக ஓர் அறிவிப்பு விட்டு, டொராண்டோவிலும் தென்காசியிலும் ஒரே நொடியில் இறக்கிவிடுகிறார்கள். ஆறு அடித்து ஐந்து நிமிடத்துக்குள் என் அக்கா மகன் அதைக் கேட்டு, சலித்து, "சுமார் மாமா" என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறான்.

நான் சொல்ல வந்தது 1994-ல் 'காதலன்' படத்தில் வந்த 'முக்காலா முக்காபுலா'வைப் பற்றி. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் 'ரோஜா' வந்து எங்கள் காதைத் திருகிவிட்டிருந்தது. முந்தின வருஷம் 'ஜென்டில்மே'னின் 'சிக்குபுக்கு ரயிலே' காலைப் பிடித்து இழுத்திருந்தது. ஆக, காதும் காலும் ஏற்கெனவே இசையமைப்பாளர் ரஹ்மான் கையில். 'காதலன்' வந்தபோது மிச்சமிருந்த உடம்பையும் ஒப்படைத்துவிட்டோம். எனக்கு அப்போது கல்லூரி வயது. தென்காசி அந்நாளில் நெல்லை கட்டபொம்மன் மாவட்டத்தின் ஒரு மூலை. மாவட்டத்தின் பெயர் சுருங்கி, பிறகு 2019-ல் மாவட்டமே சுருங்கி, இப்போது எங்கள் ஊரே ஒரு மாவட்டத்தின் தலைநகர். கலெக்டர் ஆபீஸ் வந்துவிட்டது. ரிக்கார்டிங் சென்டர்கள் போய்விட்டன. எது லாபம் என்று யாராவது கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வீட்டில் அதை இரைச்சல் என்றார்கள். இலங்கை வானொலியில் எம்.எஸ்.வி. பாட்டுக் கேட்டதற்காகத் தன் அப்பாவிடம் திட்டு வாங்கிய என் அப்பாதான் இரைச்சல் என்றவர். அவரை அப்போது எவ்வளவு இளக்காரமாகப் பார்த்தேன் என்பது, இப்போது அக்கா மகன் என்னைப் பார்க்கிற பார்வையிலிருந்து எனக்குத் துல்லியமாகத் தெரிகிறது.

அந்தப் பாட்டு எப்படி உருவானது என்று எங்களுக்கு எதுவும் தெரியாது. தெரியாததால் நாங்களே ஒன்றை உருவாக்கி வைத்திருந்தோம்: பெரிய கூடம், நூறு பேர் கோட்டு போட்டு வயலின் வாசிக்கிறார்கள், நடுவில் பிரபுதேவா ஆடுகிறார், ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்து ரஹ்மான் கையசைக்கிறார். உண்மை என்னவென்றால், கோடம்பாக்கத்தில் ரஹ்மானின் வீட்டோடு சேர்ந்த பஞ்சதன் ஸ்டுடியோவில், ஊர் தூங்கின பிறகு, கீபோர்டுகளுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் அடுக்கடுக்காகக் கட்டப்பட்ட இசை அது. அதற்கு முந்தைய தலைமுறையில் பாட்டு என்றால் வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசிப்பது. ஒருவர் தப்பினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இங்கே தாளம் ஒரு நாள், குரல் ஒரு நாள், குழல் ஒரு நாள். பாடுகிறவர் தன் பங்கைப் பல விதமாகப் பாடிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்; அதில் எது எங்கே போய் ஒட்டிக்கொண்டது என்பது கேசட்டைக் கேட்டால்தான் அவருக்கே தெரியும் என்று பின்னாளில் பல பாடகர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எச்.ஸ்ரீதர் என்கிற ஒலிப்பதிவாளரின் பெயர் எங்களுக்கு அப்போது தெரியாது. அடி வயிற்றில் வந்து இடிக்கிற அந்தத் தாளத்துக்குப் பின்னால் இருந்தவர்களில் அவரும் ஒருவர்.

இன்னொரு வேடிக்கை அதில் சம்பந்தப்பட்டவர்களின் வயது. ஆடிய பிரபுதேவாவுக்கு 21. பாடிய ஸ்வர்ணலதாவுக்கும் 21; அவரோடு பாடிய மனோ அதற்குள் இளையராஜாவிடம் ஏகப்பட்ட பாட்டுப் பாடி முடித்திருந்தவர். ரஹ்மானுக்கு 27. இந்த இளவட்டங்களுக்காகப் பாட்டை எழுதியவர் யார் என்றால் வாலி. 60-ஐத் தாண்டியவர், எம்.ஜி.ஆருக்கு எழுதியவர், நெற்றியில் குங்குமமும் வாயில் வெற்றிலையுமாக இருந்தவர். வயசுப் பையன்களுக்கு என்ன பிடிக்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு, அந்த வயதில் இருந்த எங்களுக்கே தெரிந்திருக்கவில்லை. அதே ஸ்வர்ணலதா அதே வருஷம் 'கருத்தம்மா'வில் 'போறாளே பொன்னுத்தாயி' பாடித் தேசிய விருது வாங்கினார். டீக்கடையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் போடுவார்கள். இரண்டும் ஒரே பெண் என்று சொன்ன ஒருவனிடம் நாங்கள் பந்தயம் கட்டி, ஆளுக்கு ஒரு பன் பட்டர் வாங்கிக் கொடுக்கும்படி ஆயிற்று. 2010-ல், 37 வயதில் அவர் இறந்த செய்தி டி.வி.யில் ஓடியபோது, பின்னணியில் எந்தப் பாட்டைப் போடுவது என்று தெரியாமல் அவர்களும் மாற்றி மாற்றி இரண்டையும் போட்டார்கள்.

'காதலன்' கேசட்டில் எங்களுக்கு மட்டும் சொந்தமான ஒரு விஷயம் இருந்தது. 'இந்திரையோ இவள் சுந்தரியோ' என்கிற பாட்டு. அது திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சி. கவிராயர் எங்கள் ஊரை அடுத்த மேலகரத்துக்காரர். குற்றாலமோ சைக்கிள் மிதிக்கிற தூரம். நாங்கள் தூங்கித் தூங்கிக் கேட்க, குறவஞ்சியைப் பாடமாக நடத்தியிருந்த எங்கள் தமிழய்யா, இந்தச் சேதி தெரிந்து, ரிக்கார்டிங் சென்டருக்கே நேரில் வந்துவிட்டார். வேட்டி, துண்டு, கக்கத்தில் குடை. "அந்தக் குறவஞ்சிப் பாட்டை மட்டும் பதிந்து கொடுப்பீர்களா?" என்று கேட்டார். கடை அண்ணாச்சி மரியாதையாகப் பதிந்து கொடுத்தார். ஆனால் டேப்பில் பாட்டை அளந்து நிறுத்துவது லேசான காரியமா? கவிராயருக்கு முன்னாலோ பின்னாலோ 'பேட்டை ராப்'பின் ஒரு துண்டு சேர்ந்தே போய்விட்டது. டைரக்டர் ஷங்கரே எழுதி, சுரேஷ் பீட்டர்ஸும் தேனி குஞ்சரம்மாளும் சேர்ந்து அடித்த பாட்டு. ஒரு வாரம் கழித்து அய்யாவிடம் கேசட் எப்படி என்று பயந்து பயந்து கேட்டோம். "அந்த அம்மாளுக்கு நல்ல கனத்த சாரீரம்" என்றார். ஸ்கிப் பட்டன் இருக்கிற இந்தக் காலத்தில் அய்யாவும் குஞ்சரம்மாளும் சந்தித்துக்கொள்ள வழியே இல்லை.

ரிக்கார்டிங் சென்டர் என்று இரண்டு முறை எழுதிவிட்டேன்; இளையவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். ஆறடிக்கு எட்டடி கடை. சுவர் முழுக்க எல்.பி. ரிக்கார்டு அட்டைகள், பாதி வெயிலில் வெளுத்தவை. ஒரு டபுள் டெக், அதன் தலையில் ஈக்வலைசர். பச்சையும் சிவப்புமாக ஏறி இறங்குகிற அந்த விளக்குகளைப் பார்ப்பதற்காகவே மாலையில் கூட்டம் நிற்கும். நோட்டுப் புத்தகத் தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்தால், அண்ணாச்சி மேலும் கீழும் பார்த்து, "அறுபதா, தொண்ணூறா?" என்பார். நாங்கள் எப்போதும் அறுபது; காசுக்கு அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வா என்பார். வெள்ளிக்கிழமை போனால் கரண்ட் இல்லை, திங்கட்கிழமை வா என்பார். அந்த மூன்று நாளும், இன்னும் கைக்கு வராத கேசட்டை மனசுக்குள் ஓட்டி ஓட்டித் தேய்த்துவிடுவோம். சைடு முடிகிற இடத்தில் இரண்டு மூன்று நிமிடம் மிஞ்சினால் அதை வீணாக்க அவருக்கு மனசு வராது. கேட்காமலே தனக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றைப் போட்டு நிரப்பிவிடுவார். அது முடிவதற்குள் டேப் முடிந்துவிடும். அதனால் பி.பி.ஸ்ரீனிவாஸின் பல நல்ல பாட்டுகளில் முதல் பாதி மட்டும் எனக்கு அத்துபடி. இரண்டாம் பாதியில் என்ன ஆயிற்று என்பதைத் தெரிந்துகொள்ள ஸ்மார்ட்போன் வரும்வரை காத்திருந்தேன். தெரிந்துகொண்டபோது, முதல் பாதியிலேயே எல்லாம் இருந்துவிட்டது என்று தோன்றியது. இப்போது செயலி ஒன்று எனக்குப் பாட்டுச் சிபாரிசு செய்கிறது. நான் ஏற்கெனவே கேட்டதைப் போன்றவற்றையே அது தருகிறது. அண்ணாச்சி அப்படியில்லை, எனக்கு எது பிடிக்கும் என்பதைப் பற்றி அவருக்குத் துளிக்கூட அக்கறை கிடையாது, எனக்கு எது பிடிக்க வேண்டும் என்பதில்தான் அவருக்கு அக்கறை. அது திருட்டுப் பதிவு என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவே இல்லை. அவர் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டுத்தான் ரிக்கார்ட் பட்டனை அமுக்குவார்.

கேசட் கைக்கு வந்தால் போதுமா? பேஸ் வர வேண்டாமா? அதற்கு மண்பானை. வாயகன்ற பானையில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்தால் 'தும் தும்' என்று அடிவயிற்றிலிருந்து வரும் என்பது அந்நாளில் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த விஞ்ஞானம். எங்கள் தெருவில் பொங்கல் பானை ஒன்று இதற்காக உயிரை விட்டது. பானைக்காரப் பாட்டி, ஏன் எல்லாப் பையன்களும் பானைக்குள் காதை வைத்துப் பார்த்து வாங்குகிறார்கள் என்று குழம்பிப்போய், கடைசியில் அவளும் ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்து, "இது நல்லாப் பாடும்யா" என்று சொல்லி விற்க ஆரம்பித்தாள். இன்று என் மேஜையில் உள்ளங்கை அகல ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறது, பானையைவிட நன்றாகவே இடிக்கிறது, உடைவதும் இல்லை. ஆனால் அதில் பொங்கல் வைக்க முடியாது.

நாங்கள் முக்காலாவை அதிகம் கேட்டது டீக்கடையில். அந்தக் கடை டேப் ரிக்கார்டரின் பெல்ட் தளர்ந்து போனது. மோட்டார் இழுக்கும், பெல்ட் வழுக்கும், பாட்டு அரைக் கட்டை இறங்கி, கொஞ்சம் சோம்பேறித்தனமாக ஓடும். மனோவின் குரல் அதனால் இன்னும் கனத்து, ஸ்வர்ணலதாவின் குரல் சற்று மப்பு ஏறினாற்போல் இருக்கும். நாங்கள் அதுதான் பாட்டு என்று நினைத்திருந்தோம். பல வருஷம் கழித்து சுத்தமான டிஜிட்டல் பதிவை ஹெட்போனில் கேட்டபோது எனக்கு முதலில் தோன்றியது, யாரோ அவசரப்படுத்திவிட்டார்கள் என்பதுதான். இன்றும் அசல் எனக்கு வேகமாகவே கேட்கிறது. என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு பாட்டாவது இருக்கும். எந்தக் கடை, எந்த பெல்ட் என்பதில்தான் வித்தியாசம்.

டேப் சிக்குவது தனிக் கதை. ஓடிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று பாட்டு கீச்சிட்டு நிற்கும். திறந்து பார்த்தால் பழுப்பு நாடா ரோலருக்குள் போய்ச் சுற்றிக்கொண்டு கிடக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை விடுவித்து, நடராஜ் பென்சிலைப் பல்சக்கரத்தில் செருகித் திருகித் திருகி உள்ளே இழுக்க வேண்டும். எங்கள் முக்காலாவில் ஒரு தடவை நாடா கசங்கியே போய்விட்டது. கசங்கிய இடத்தை பிளேடால் வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முனையையும் செல்லோடேப் போட்டு ஒட்டினோம். போட்டுப் பார்த்தால் பாட்டு ஓடுகிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இரண்டு தாளம் காணாமல் போய், ஒரு பள்ளத்தைத் தாண்டுகிற மாதிரி எகிறிக் குதித்து மேலே போகிறது. சரி, கெட்டுப்போகவில்லை என்று அதையே ஓட்டினோம். நாளடைவில் அந்தக் குதியும் பாட்டில் சேர்ந்துவிட்டது. அந்த இடம் வருவதற்கு முன்னாலேயே உடம்பு தயாராகிவிடும்.

இந்த நேரத்தில்தான் கல்லூரி ஆண்டு விழாவில் முக்காலா ஆடுவது என்று நாங்கள் மூன்று பேர் முடிவெடுத்தோம்: நான், தபால்காரர் மகன், டெய்லர் மகன். ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு இருந்த ஒரே இடம் தியேட்டர். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சியில் போட்டால் உண்டு. போடுகிற அன்று கரண்ட் போகும். எனவே படம் ஓடிய கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிற அண்ணனைச் சிநேகம் பிடித்து, பாட்டு எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, அந்த நேரத்துக்குச் சரியாகப் போய் நிற்போம். அவர் திரையை விலக்கி உள்ளே விடுவார். பாட்டு முடிந்ததும் வெளியே வந்துவிட வேண்டும், அதுதான் ஒப்பந்தம். நிறுத்திப் பார்க்க முடியாது, திருப்பிப் பார்க்க முடியாது; சில நாள் கூட்டம் 'ஒன்ஸ் மோர்' கத்தி, ஆபரேட்டர் மனமிரங்கினால் உண்டு. ஆகவே வேலையைப் பிரித்துக்கொண்டோம். நான் காலை மட்டும் பார்ப்பது. தபால்காரர் மகன் கையை மட்டும். டெய்லர் மகன் சட்டை, தொப்பி, தலையாட்டல். கண்ணை வேறெங்கும் விடக்கூடாது என்பது சத்தியம். 'காதல'னை நான் பல தடவை பார்த்திருக்கிறேன் என்றாலும் முக்காலாவில் பிரபுதேவாவின் முகம் எப்படி இருந்தது என்று அந்த வருஷம் என்னைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

பிறகு மொட்டை மாடியில் வைத்து மூன்றையும் பூட்டுவோம். என் காலுக்கு அவன் கை பொருந்தாது. "அந்தக் கால் வரும்போது இந்தக் கை இல்லல", "இருந்துச்சுல, நான் பாத்தேன்லா" என்று சண்டை நடக்கும். மறுபடி தியேட்டர். அந்த மனிதரின் உடம்பில் எலும்பு இருக்கிறதா இல்லையா என்பதுவரை விவாதம் போனது. அவர் முகூர் சுந்தரின் மகன், பரதநாட்டியம் முறையாகப் படித்தவர், 1989-லேயே 'வெற்றி விழா'வுக்கு நடனம் அமைத்தவர் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. மைக்கேல் ஜாக்சனைப் பார்த்துப் பழகினால் வந்துவிடும் என்று நம்பினோம். மைக்கேல் ஜாக்சனையும் பார்த்ததில்லை.

பேகி பேண்ட்டுக்கு டெய்லர் மகனின் அப்பாவிடமே போனோம். தொடையில் இத்தனை மடிப்பு, கணுக்காலில் இறுக்கம் என்று சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "இதுக்கு வேட்டியவே நடுவுல தச்சிரலாம்லா" என்றார். ஆனாலும் தைத்துக் கொடுத்தார். மிச்சத் துணியில் மூன்று கறுப்பு உறைகளும் தைத்தார், தலையணை உறை அளவில். அது எதற்கென்றால், அந்தப் பாட்டின் கடைசிப் பகுதிக்கு. கௌபாய் ஊர் செட்டில் ஆடிக்கொண்டே வருகிற பிரபுதேவாவின் முகமும் கைகாலும் மறைந்துபோய், தொப்பியும் சட்டையும் பூட்ஸும் மட்டும் தனியாக ஆடும் அல்லவா, அது. வெங்கி என்பவர் கம்ப்யூட்டரில் செய்த தந்திரம். ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கான தேசிய விருது அந்த வருஷம் 'காதல'னுக்குத்தான். தியேட்டரில் அந்த இடத்தில் ஆண்களும் பெண்களும் வாய்விட்டு அலறியதைக் கேட்டிருக்கிறேன். நாங்கள் எங்கள் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸை டெய்லர் கடையில் முடித்துக்கொண்டோம். கறுப்பு உறையை முகத்தில் மாட்டிக்கொண்டால் இருட்டில் முகம் தெரியாது, உடை மட்டும் தெரியும். தத்துவம் சரிதான். மேடையில் ஆறு டியூப்லைட் எரியும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. முகமூடி மூன்று பேர் கைகாலை உதறிக்கொண்டு ஆடியதைப் பார்த்த தலைமை விருந்தினர், தம் உரையில், திருட்டின் கேட்டை மாணவர்கள் நாடகமாகக் காட்டிய விதம் பாராட்டத்தக்கது என்றார். பரிசும் கிடைத்தது, ஒரு சோப்பு டப்பா.

அந்தப் பெருமையோடு இன்னொரு கல்லூரிப் போட்டிக்குப் போனோம். கேசட் கொண்டுபோக மறந்து, அங்கே இருந்தவர்களிடமே கேசட் வாங்கிப் போட்டோம். எல்லாம் சரியாகத்தான் போனது, அந்த வெட்டுப்பட்ட இடம் வரும்வரை. நாங்கள் மூன்று பேரும் வழக்கம்போல் எகிறிக் குதித்து அடுத்த அடிக்குப் போய்விட்டோம், பாட்டு வரவில்லை. அவர்கள் கேசட்டில் அந்த இரண்டு தாளமும் பத்திரமாக இருந்தது. நாங்கள் முன்னால், பாட்டு பின்னால், கடைசிவரை அப்படியே ஆடி முடித்தோம். அங்கே மற்றவர்கள் ஆடியதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அம்பாசமுத்திரத்துக்காரர்கள் நாங்கள் காலால் செய்ததைத் தோளால் செய்தார்கள், கோவில்பட்டிப் பையன் ஒருவன் நடுவில் கரகாட்டம் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினான். யாருடையதும் படத்தில் இருந்தது இல்லை. எல்லோரும் கண்ணால் பார்த்துக் கற்றதாகச் சத்தியம் செய்தார்கள். ஊருக்கு ஒரு முக்காலா இருந்தது.

எங்களுக்குத் தெரியாமலே அந்தப் பாட்டு வடக்கேயும் போய்க்கொண்டிருந்தது. 'ஹம்ஸே ஹை முகாப்லா' என்று படம் இந்தியில் போய்ச் சேர்ந்தது. மெட்டை எடுத்து ஆளாளுக்கு ஒரு பாட்டுச் செய்துகொண்டார்கள். ரிக்கார்டிங் சென்டர் அண்ணாச்சியாவது பாட்டின் பெயரை ஒழுங்காக எழுதிக் கொடுத்தார். அதே கேசட்டின் 'ஊர்வசி'யை 2014-ல் அமெரிக்காவின் வில்.ஐ.ஆம் எடுத்து, பிறந்தநாள் பாட்டாக மாற்ற, அது பிரிட்டனில் முதலிடத்துக்கே போயிற்று. இதைத் தெரிந்தபோது, இருபது வருஷமாக எங்கள் டீக்கடையில் ஓசியில் ஓடிக்கொண்டிருந்த சங்கதியை லண்டன்காரன் இப்போதுதான் கண்டுபிடித்தானாக்கும் என்று எனக்கு ஒரு கர்வம் வந்தது. டீக்கடை இடிக்கப்பட்டு அங்கே செல்போன் கடை வந்துவிட்டதால் யாரிடமும் போய்ச் சொல்ல முடியவில்லை. 2020-ல் 'ஸ்ட்ரீட் டான்சர் 3டி' என்கிற இந்திப் படத்தில் முக்காலாவையே மறுபடி கிளப்பினார்கள். அதிலும் பிரபுதேவாதான் ஆடினார். எனக்கு மாடிப்படி ஏறினால் முழங்கால் 'டக்' என்கிறது. அவர் எனக்கு மூத்தவர்.

'மாரி 2'-வின் 'ரவுடி பேபி'க்கும் நடனம் அமைத்தவர் அவரே. யுவன் இசை, தனுஷும் தீயும் பாடியது. 2019 ஜனவரியில் யூடியூபில் ஏறி, 2020 நவம்பரில் நூறு கோடிப் பார்வையைத் தொட்டது, அதுவும் தனுஷின் 'கொலவெறி' வெளியான அதே நவம்பர் 16-ல். நூறு கோடி! எங்கள் கொட்டகையில் தரை டிக்கெட் உட்பட நிறைந்தாலும் சில நூறு பேர். அந்த நூறு கோடியில் ஓராயிரமாவது அக்கா மகள் ஒருத்தியே பார்த்தது என்று நினைக்கிறேன். அவள் அதைக் கற்றுக்கொண்ட விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். போனைச் சுவரில் சாய்த்து வைத்தாள். வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்தாள். சாய் பல்லவி தேன் வழிகிற வேகத்தில் ஒரு காலைத் தூக்க, இவளும் தூக்கினாள். நிறுத்தினாள், பின்னால் இழுத்தாள், மறுபடி. படத்தில் இடது கை என்பதால் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி வீடியோவையே திருப்பிப் போடவும் வசதி இருக்கிறதாம். ஒரு மாலையில் மொத்தமும் வந்துவிட்டது, ஒரு விரல் பிசகாமல். யாரிடமும் சண்டை போடவும் இல்லை. அடுத்த மாதம் ஒரு கல்யாண ரிசப்ஷனில் ஆடினாள். அவளுக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நான்கு பேர் ஆடியதும் அதே ரவுடி பேபி, அதே விரல், அதே புருவம். நன்றாகத்தான் ஆடினார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லாததை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது என்று பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

டெய்லர் மகன் இப்போது திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் பெரிய இடத்தில் இருக்கிறான். தபால்காரர் மகன் மஸ்கட் போய்ச் செட்டிலாகிவிட்டான். பண்டிகைக்குப் பண்டிகை வாட்ஸ்அப்பில் வாழ்த்துப் படம் அனுப்புவதோடு சரி. டெய்லர் மகனும் நானும் மட்டும் அவ்வப்போது போனில் பேசுவோம். பேசினால் எங்கே தொடங்கினாலும் அந்த வெட்டுப்பட்ட இடத்துக்கே வந்து சேருவோம். குதித்ததும் முதலில் வலது தோள்தான் இறங்கும் என்பது என் கட்சி. இடது தோள், அதுவும் தொப்பியைத் தொட்ட பிறகு என்பது அவன் கட்சி. போன தீபாவளிக்கு அவன் ஊருக்கு வந்திருந்தபோதும் இதே தகராறு. வீட்டுக் கூடத்தில் இரண்டு பேரும் எழுந்து நின்று தோளை இறக்கிக் காட்டிக்கொண்டிருந்தோம். பட்சணத் தட்டோடு வந்த அவன் மகள் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, போனை எடுத்து, "எதுக்குப்பா சண்ட, யூடியூப்ல போட்டா ஒரு நிமிசத்துல தெரிஞ்சிரும்லா" என்றாள்.

"அத உள்ள வையி" என்றான் அவன். "அதுல இருக்கது வேற பாட்டு."